நெயில் பாலிஷ் கோடு

அடையாற்றங்கரையில் நாங்கள் இருந்த தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். வீட்டுக்கு எட்டுக் குடம். அம்மா லாரிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒன்பதாவது குடத்தை யாரும் நீட்ட முடியாது, அழுதாலும் முடியாது. தெருவில் அவளுக்கு வாட்டர் மினிஸ்டர் என்று பெயர். எனக்குப் பெருமை தாங்காது.

வீட்டுக்குள் ஆட்சி இன்னும் கடுமை. அரிசி களைந்த தண்ணீர் பாத்திரம் கழுவும். துணி அலசிய தண்ணீர் தரையைத் துடைத்துவிட்டுக் கக்கூசுக்குப் போகும். சும்மா வந்து சும்மா போன தண்ணீர் என்று எங்கள் வீட்டில் ஒன்று கிடையாது. குளிக்க அடிபம்பின் உப்புத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நீல ட்ரம்மில் லாரித் தண்ணீர். அதன் உட்புறம் சித்தியின் நெயில் பாலிஷால் அம்மா நாளுக்கு ஒன்றாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

"இன்னிக்கு கோட்டுக்குக் கீழ எவளாவது கை வெச்சீங்கோ, ஒடிச்சிருவேன்."

எனக்கு அப்போது எட்டு வயது. மறுநாள் பள்ளி ஆண்டு விழாவில் டான்ஸ். உப்புத் தண்ணீரில் குளித்து என் முடி தேங்காய் நார் மாதிரி நின்றது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பிரசவமாகி எங்கள் வீட்டில் இருந்த சித்தி, பத்து நாள் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ட்ரம்மிலிருந்து மக்கு மக்காக மொண்டு, ஆசை தீரத் தலைக்குக் குளித்தேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. உடனே பம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சரியாகக் கோடு வரைக்கும் ஊற்றினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் சித்தி ட்ரம்மிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"இன்னாக்கா இது, கடல்ல மொண்டாந்தியா?"

அம்மாவும் வாயில் விட்டுப் பார்த்தாள். சித்திக்குத் தாய்ப்பால் போதவில்லை. குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க வேறு தண்ணீர் இல்லை. லாரி வர இன்னும் இரண்டு நாள். அம்மா ட்ரம்மைப் பார்த்தாள். பிறகு பளபளத்த என் தலைமுடியைப் பார்த்தாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன்.

யாருக்கும் ஒரு சொம்பு கூடுதலாக விடாதவள், வீட்டுக்கு ஒரு சொம்பு கேட்டுக்கொண்டு போனாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுதான்: "என் கைதான் தப்பிப்போச்சு. உப்புத் தண்ணிய ட்ரம்முல ஊத்திட்டேன்." யாரும் இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாவது சந்து திரும்புவதற்குள் குடம் நிரம்பிவிட்டது. கெட்டுப்போன ட்ரம் தண்ணீரையும் அவள் கொட்டவில்லை. துவைக்கவும் குளிக்கவும் ஒதுக்கிவிட்டாள்.

லாரி வந்த அன்று, குழாயைப் பிடித்து எல்லோருக்கும் விட்டுவிட்டு, தன் குடங்களைக் கடைசியில் வைத்தாள். எதிர்வீட்டு அக்கா கிண்டலை விடவில்லை. "மினிஸ்டரே உப்பு எது, நல்லது எதுன்னு தெரியாம கீதே, நாங்கோ இன்னா பண்றது?" தெருவே சிரித்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு குழாயைப் பிடித்திருந்தாள்.

வாசல் வாசலாக அவள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, மறதியில் அவளே ஊற்றியிருப்பாள் என்று நானும் அதற்குள் நம்பிவிட்டிருந்தேன். அதனால், எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.