ஏரிக்கரையில் ஏழு கொடிகள்

செக் நாட்டிலிருந்து வந்திருந்த எங்கள் நண்பர் விடியற்காலை ஐந்தரைக்கே வெளியே கிளம்பிவிடுகிறார் என்பதை, அவரும் மனைவியும் வந்த மூன்றாம் நாள்தான் கவனித்தேன். என் கணவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். எட்டு மணிக்குத் திரும்புவார். ஷூ முழுக்கச் செம்மண், கால்சட்டையில் ஒட்டுமுள். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா, காற்று வாங்க" என்பார். கையிலிருக்கும் நோட்டு பைக்குள் போய்விடும்.

அவரும் அவர் மனைவியும் எங்களுக்குப் புதியவர்கள் இல்லை. வேலைப் பயிற்சிக்காக என் கணவர் அவர்கள் ஊரில் எட்டு மாதம் இருந்தார், நானும் கூடப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களான அவர்கள்தான் பனியில் நடக்கக் கற்றுத் தந்தார்கள். வரைபடமும் திசைகாட்டியும் கையில் கொடுத்து, காட்டுக்குள் மறைவாகக் கட்டிய கொடிகளை ஒவ்வொன்றாகத் தேடி ஓடும் ஓரியன்டீரிங் விளையாட்டையும் பழக்கினார்கள். இப்போது காஞ்சிபுரத்துக்கு அவர்கள் வர, நாங்களும் பத்து நாள் லீவு போட்டிருந்தோம். கைலாசநாதர் கோயிலில் சிங்கத்தூண்களைப் பார்த்தோம். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் கால் வலிக்க நடந்தோம். எல்லாம் நன்றாகத்தான் போனது.

நான்காம் நாள் முசரவாக்கத்திலிருந்து என் அண்ணன் போன் செய்தான். என் பிறந்த வீட்டு நிலம் அங்கேதான் இருக்கிறது.

"உங்க வீட்டுக்கு வந்துக்கிற வெள்ளக்காரரு இன்னாமா பண்றாரு? ஏரிக்கரையில நின்னு அளந்துக்கினு இருக்காருன்னு ஊரே பேசுது."

அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரோ நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கொஞ்ச காலமாகவே இருந்தது. எது உண்மை, எது புரளி என்று யாருக்கும் தெரியாது. என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அவரு ஓய்வா இருக்கத் தெரியாத ஆளு. உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் நண்பர் குளிக்கப் போனபோது அந்த நோட்டைத் திறந்துவிட்டேன். நீலக் கோடுகள், பழுப்புக் கோடுகள், பக்கம் முழுக்க எண்கள். என் அண்ணனுடைய பம்ப்செட் கொட்டகை சின்னக் கறுப்புச் சதுரமாக இருந்தது. அவர் எங்கே வேலை செய்கிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியுமா? ஏதோ கட்டுமான நிறுவனம் என்றதுதான் நினைவில் இருந்தது. அதற்குமேல் நான் கேட்டதே இல்லை. அன்று மதியம் அவருக்குச் சோறு பரிமாறும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏழாம் நாள் காலையில் அவரே வரைபடத்தை மேசைமேல் விரித்தார். எங்கள் கல்யாண நாளுக்கு அவர்கள் தரும் பரிசாம். முசரவாக்கம் ஏரியைச் சுற்றி ஏழு கொடிகள் கட்டியிருக்கிறார், நாங்கள் இருவரும் போட்டி போட்டுத் தேட வேண்டும். எண்களெல்லாம் அவர் காலடியால் அளந்த தூரம். என் கணவர் கைதட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த பம்ப்செட் சதுரம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

முதல் கொடி, ஆரஞ்சும் வெள்ளையுமான துணி, ஒரு பனையடியில் கிடைத்தது. இரண்டாவது மதகோரம். மூன்றாவது இருக்கவேண்டிய வேலமரத்தில் வெறும் கயிறு தொங்கியது. நான்காவதும் இல்லை. ஏரிக்கரைமேல் ஏறிப் பார்த்தால், பதினைந்து பேர் நண்பரையும் அவர் மனைவியையும் சுற்றி நின்றார்கள். பிடுங்கிய கொடிகள் அவர்கள் கையில் இருந்தன. என் கணவர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை.

முன்னால் நின்றது எங்கள் வயலுக்கு அடுத்த வயல்கார அக்கா.

"வெளயாட்டாம்! இன்னிக்குக் கொடி கட்டுவாங்க, நாளைக்குக் கல்லு நடுவாங்க. நாங்க பாக்காததா?"

நண்பருக்கு வார்த்தை புரியவில்லை. வரைபடத்தைக் காட்டினால் சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்து, பெருமையோடு விரித்தார். இதோ உங்கள் கிணறு, இதோ உங்கள் வீடு என்று விரலால் தொட்டுக் காட்டினார். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. அத்தனையும் துல்லியமாக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ நம்ம ஊருப் பொண்ணு. நீ சொல்லுமா. இவர நம்பலாமா?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. அவருடைய மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் என்ன கேட்கப்பட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நம்பலாங்கா," என்றேன்.

"இவ்ளோ நேரம் யோசிச்சியே."

நண்பரின் மனைவிதான் நகர்ந்தாள். கணவர் கையிலிருந்த வரைபடத்தை வாங்கினாள், அவர் தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து நோட்டையும் எடுத்தாள், இரண்டையும் அக்காவின் கையில் வைத்தாள். நண்பர் போனில் எடுத்திருந்த ஏரிக்கரைப் படங்களையும் எல்லோரும் பார்க்க அழித்தார். அக்கா வரைபடத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாங்க விசாரிச்சிக்கிறோம். நீங்க கெளம்புங்க," என்றாள். கொடிகளைத் திருப்பித் தரவில்லை.

காரில் திரும்பினோம். வீட்டில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது நண்பரின் மனைவி சமையலறைக்கு வந்தாள்.

"நீயும் அப்படித்தான் நினைத்தாய், இல்லையா?"

பொய் சொல்ல வரவில்லை. நோட்டைத் திறந்து பார்த்ததையும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள், அவளுடைய தாத்தாவின் வயலையும் அரசாங்க ஆட்கள் வந்து இப்படித்தான் அளந்தார்களாம். நல்லவர்களாகத்தான் தெரிந்தார்களாம், வீட்டில் ரொட்டி கொடுத்து உபசரித்தார்களாம். அடுத்த வருஷம் வயல் தாத்தாவுடையதாக இல்லை. "அந்த அம்மா கேட்டது சரிதான். அளந்தால் ஊர் பயப்படும் என்று என் கணவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்." டம்ளர்களை எடுத்துவைத்துக்கொண்டே, "ஆனால் நீ என்னிடம் கேட்டிருக்கலாம்," என்றாள்.

கேட்டிருக்கலாம். ஏழு நாள் அவர்களுக்கு இட்லி அவித்துப்போட்டேன், ஒரு கேள்வி கேட்கவில்லை.

மீதி நாட்களில் வெளியே அதிகம் போகவில்லை. கிளம்பும் நாளில் அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், வழக்கத்தைவிடச் சீக்கிரம் விட்டுவிட்டாள். போன வாரம் போன் செய்தபோது, வரும் கோடையில் எங்களை அங்கே வரச்சொன்னாள். உண்மையாகக் கூப்பிடுகிறாளா, மரியாதைக்குச் சொல்கிறாளா என்று என் கணவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.