காதர் பாய் தூக்கிப் பார்த்த லேப்டாப்

லேப்டாப் விற்பது சுலபம். கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்காக அதை வாங்க வரும் குடும்பத்திடம் விற்பதுதான் கஷ்டம். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த எல்லோருக்கும் இது தெரியும். மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த கடை இன்று இல்லை. அங்கே பிரியாணி விற்கிறார்கள். இப்போது எல்லோரும் போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பி.காம்., பி.பி.ஏ. சீட் கிடைத்த கையோடு குடும்பம் குடும்பமாக ஆட்டோவில் வந்து இறங்கிய அந்த ஜூன் மாதங்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சிறுசேரி மாமா

ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறுசேரி சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு மாமா இருப்பார். நேரில் வர மாட்டார். வீடியோ காலில் வருவார். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஓர் அம்மா போனை ஒவ்வொரு லேப்டாப்பாகக் காட்டிக்கொண்டே போக, மாமா கிராஃபிக்ஸ் கார்டு, கூலிங் ஃபேன் என்று அடுக்கிக்கொண்டிருந்தார். பையன் சேர்ந்திருப்பதோ பி.பி.ஏ. கணக்குப் போட எக்செல், வகுப்பில் காட்ட நாலு ஸ்லைடு. இதற்கு ராக்கெட் விடுகிற மெஷின் எதற்கு?

மூலையில் நின்ற பையனிடம், "உனக்கு எது தம்பி பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பதறிப்போனார்: "அவனைக் கேக்காதீங்க சார், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் யூஸ் பண்ணத்தான் போறான்."

கனம் பார்ப்பவர்

காதர் பாய் யாருக்கும் போன் போடவில்லை. திருமுடிவாக்கத்தில் இரும்பு கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருந்தார். கூட வந்திருந்த மகள் ஷபானாவுக்கு எழும்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. கிடைத்திருந்தது. பாய் ஸ்க்ரீனைப் பார்க்கவே இல்லை. கைக்கு ஒன்றாக இரண்டு லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தார். லேசானதைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாப்பா, உள்ள ஒண்ணுமே இல்லாத மாரி கீது. இது எத்தினி நாளு தாங்கும்?"

கனமானதுதான் வேண்டுமாம். என் வாய் சும்மா இருக்குமா? "தினமும் டிரெயின்ல தூக்கிட்டுப் போகணும் பாய்" என்றேன். அவர் முகம் மாறியது. ஷபானா என்னை முறைத்தாள். பாய் மகளிடம் திரும்பிச் சொன்னார்: "அப்ப காலேஜே வாணாம்மா. கரஸ்ல சேந்து வூட்லயே படி, மிஷினும் வூட்லயே இருக்கட்டும்."

டிஸ்ப்ளே பீஸ் வெளியே போனது

அந்தப் பெண் கல்லூரிக்குப் போவது என் வாயால் கெடக் கூடாது. "பாய், இந்தக் கனத்தைப் பையில போட்டு ஸ்டேஷன் பிரிட்ஜ் ஏறிப் பாருங்க. அப்புறம் லேசானதோட அருமை தெரியும்" என்றேன். டிஸ்ப்ளே பீஸ் கடை வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நானும் கூடவே போகிறேன் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை: "லேப்டாப் திரும்பி வரலைன்னா நீயும் வராதே."

பிரிட்ஜ் படிகள்

மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனபோது சாயங்காலக் கூட்டம். கூட்டத்தில் இடிபட்டு ஏறி இறங்கிய பாய், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ சொன்னது கரெக்ட்டு தம்பி. பொம்பளப் புள்ளையால ஆவாது. கரஸ்தான்." என் யோசனை என் தலையிலேயே விழுந்தது.

ஷபானா, அப்பா தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள். எதிரே இறங்கிய கூட்டத்தில் அவள் தலை மறைந்து போனது. பாய் கீழே நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது; முகமெல்லாம் வியர்வை. சிரித்துக்கொண்டே, "கனமே தெரியல அத்தா" என்றாள்.

பாய் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "எம்பொண்ணு எங்கிட்ட பொய்யே சொன்னதில்ல தம்பி. இன்னிக்கு சொல்லிட்டா. காலேஜுக்கே போவட்டும், அந்த லேசானதையே குடு."

மெமரி, பிராசஸர், பேட்டரி என்று எத்தனையோ விவரங்களை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உருப்படியாக நான் விற்ற அந்த ஒரு லேப்டாப்பை வாங்கும்போது அவற்றில் எதையும் யாரும் கேட்கவே இல்லை.