பச்சைப் பெயிண்ட் அடித்த கிட்டார்

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. கை பேசும், விறகுக்கட்டை பேசும், சில நாள் சோற்றுப்பானை பறந்து வந்து பேசும். டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா, அந்த ஒற்றை அறையில் அப்பா, அண்ணன், நான். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு எங்கள் சண்டைகள் எல்லாம் மனப்பாடம்.

அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை. ரோலருக்குக் கிரீஸ் போடுவார், பெல்ட் மாற்றுவார், பெயிண்ட் அடிப்பார். அண்ணனோ காலையில் பெரட்டில் பெயர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போவதை விட்டுவிட்டு ஹட்டனில் ஒரு இசைக்குழுவோடு கல்யாண வீடு, திருவிழா என்று அலைந்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவனுடைய மரப்பெட்டிக் கிட்டாரைப் பிடுங்கி, அவன் முதுகிலேயே அடித்து உடைத்தார். அறுந்த கம்பி அவன் காதைக் கிழித்தது. அண்ணன் அழவில்லை. "இனிமே அடிச்சாலும் ஒடையாத கிட்டாராப் பாத்து வாங்குறேன்" என்றான். அதற்கும் ஒரு அடி விழுந்தது.

சொன்னதைச் செய்தான். கட்டார் நாட்டுக்குப் போய்ச் சில வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு லீவில் வந்தபோது, கையில் ஒரு நீளப் பெட்டி இருந்தது. கினிகத்தேனையில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்த ஆமிக்காரர்கள் பெட்டியின் நீளத்தைப் பார்த்து, உள்ளே துப்பாக்கி என்று நினைத்து அவனை ரோட்டில் மண்டியிட வைத்து, துப்பாக்கியை நீட்டிக்கொண்டே திறக்கச் சொன்னார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

லயமே கூடி நிற்கப் பெட்டியைத் திறந்தான். எலெக்ட்ரிக் கிட்டார். உள்ளே பொந்து கிடையாது, முழுக்க ஒரே கட்டை. தூக்கினால் அம்மிக்குழவி கனம். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. வெண்ணெய் நிறப் பெயிண்ட் ஓரமெல்லாம் உரிந்து மரம் தெரிந்தது. ஆணிகள் துருப்பிடித்திருந்தன. மேலெல்லாம் கீறல்.

"என்னாடா, கட்டார்ல குப்பையில பொறுக்குனியா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் பொறுமையாக விளக்கினான். இந்த வகைக் கிட்டார் முதன்முதலில் வந்த காலத்து மொடலாம் இது. அந்தக் காலத்தில் செய்த கிட்டார்கள் இப்போது பெரும் பணக்காரர்களிடம்தான் இருக்கின்றனவாம். அதனால் கம்பனிக்காரர்கள் அதே வடிவத்தில், அதே மரத்தில் மறுபடி செய்து, தங்கள் தொழிற்சாலையிலேயே கீறி, தேய்த்து, துருவேற்றி விற்கிறார்களாம். "புதுசுதாங்க. பழசாக்குறதுக்குத்தான் வெல கூட" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நம்ம கக்கூஸ் கதவையும் அனுப்பி வைண்ணே, நல்ல வெலைக்குப் போகும்" என்றேன். அவன் முறைத்தான்.

கோயில் ஸ்பீக்கரில் மாட்டி வாசித்தபோதுதான் சிரிப்பு நின்றது. தகரக் கூரை நடுங்கியது, நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டு உலுக்கினார்கள். அப்பா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் முகத்தில் சோப்போடு நின்றார். வாசித்து முடிக்கிற வரைக்கும் முகம் கழுவவில்லை. அவர் அவன் வாசித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆனால் கேலி ஓயவில்லை. ஃபெக்டரியில் ஒருவன் அப்பாவை, "பழைய இரும்புக்காரன் அப்பன் வர்றாரு" என்று கூப்பிட்டிருக்கிறான். அப்பா கையிலிருந்த ஸ்பேனரால் அவன் தோளில் ஒன்று போட்டார். தோட்டத்தை நடத்துகிற தொரை அவரைச் சில நாள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். வீட்டுக்கு வந்த அப்பா, அண்ணன் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து, அந்தக் கீறல்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூசை வந்தது. ஃபெக்டரியில் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பூசைக்கு முன்னால் மெஷின்களை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளங்களைப் பட்டி வைத்து அடைத்து, பச்சைப் பெயிண்ட் அடிப்பார்கள். அன்றைக்கு ஒரு கீறல் கண்ணில் படக்கூடாது. லயத்திலும் அப்படித்தான், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் பளபளவென்று சாமி படத்துக்கு முன்னால் வந்துவிடும். கீறலோடு ஒரு சாமானைப் பூசையில் வைப்பது, அப்பாவைப் பொறுத்தவரை, குளிக்காமல் கோயிலுக்குப் போவது மாதிரி.

பூசையன்று காலையில் அண்ணன் ஹட்டனுக்குப் போயிருந்தான். நான் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வந்து பார்த்தால், வாசலில் சாக்கை விரித்து அப்பா உட்கார்ந்திருக்கிறார். முன்னால் அந்தக் கிட்டார். கம்பியைக் கழற்றியிருந்தார். கீறல் ஒன்று பாக்கியில்லாமல் பட்டி வைத்து அடைத்திருந்தார். துரு போய் ஆணிகள் மின்னின. உடம்பு முழுக்க ரோலர் மெஷின் பச்சை. தலைப்பக்கத்தில் சந்தனம், குங்குமம். உள்ளே சாமி படத்துக்கு முன்னால், அவருடைய ஸ்பேனருக்குப் பக்கத்தில், அதற்கென்று இடம் விட்டிருந்தார்.

"எப்புடி இருக்கு? இப்ப எவனாச்சும் பழசுன்னு சொல்லட்டும் பாப்போம்" என்றார்.

ஒரு கிட்டாரை மகன் முதுகில் உடைத்த மனுஷன், இன்னொன்றைத் தன் ஆயுதத்தோடு சேர்த்துச் சாமிக்கு வைக்கிறார். அப்பாவால் அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அண்ணனுக்கு அது புரியப்போவதில்லை, அப்பாவைக் கொன்றுவிடுவான் என்றும் தெரிந்தது. "காயிறதுக்குள்ள தொடைங்கப்பா!" என்று கத்திக்கொண்டு மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுக்க ஓடினேன். "சாமி சாமானுல கைய வச்ச, வெட்டிப்புடுவேன்" என்றார்.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான்.

சாக்கில் கிடந்ததைக் குனிந்து பார்த்தான். பிறகு, "யாரு செஞ்சது?" என்றான்.

"நாந்தான். புதுசாக்கிட்டேன்" என்றார் அப்பா. முகமெல்லாம் பெருமை.

அண்ணன் இரண்டு கையாலும் கிட்டாரை வாரி எடுத்தான். கையெல்லாம் பச்சையானது. அதைக் கீழே போட்டுவிட்டு அப்பாவின் கழுத்தைப் பிடித்தான். பிடித்தபடியே தள்ளிக்கொண்டு போய் வாசலோரத்துச் சாக்கடைக் கானில் சாய்த்தான். அப்பா அவன் முகத்தில் குத்தினார். அண்ணன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவன் திரும்பி வந்து கிட்டாரின் கழுத்தைப் பிடித்து ஓங்கினான். அப்பா வலது கையைக் குறுக்கே தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் ஓங்கி, தோளில் போட்டான். அடுத்தது தலைக்குத்தான் வந்திருக்கும். நான் அவன் முதுகில் ஏறித் தோளைக் கடித்தேன், வாயெல்லாம் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. லயத்து ஆட்கள் விறகுக்கட்டையோடு ஓடிவந்து அவனை விழும்வரை அடித்தார்கள். விழுந்தவன் சேற்றில் உட்கார்ந்து, நகத்தால் அந்தப் பச்சையைச் சுரண்டிக்கொண்டே தேம்பினான். எனக்கு இரக்கம் வரவில்லை.

அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியதும் அவன்தான். ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டு முடித்ததும், அடிபட்டு வருகிறவர்களை விசாரிக்கிற பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். அண்ணன் அந்த மாதக் கடைசியில் கட்டாருக்குத் திரும்பவேண்டும். பொலிஸில் பெயர் விழுந்தால் போக முடியாது. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"எப்படி நடந்தது?" என்று தெரிந்த தமிழில் கேட்டார் சார்ஜன்ட்.

"ஃபெக்டரிப் படியில விழுந்துட்டேங்க" என்றார் அப்பா.

சார்ஜன்ட் அவர் கழுத்தைக் காட்டினார். பச்சையாக விரல்கள் பதிந்திருந்தன. "இது?"

"பெயிண்ட் அடிக்கிற ஆளுங்க நான். ஒடம்பெல்லாம் அதுதாங்க."

சார்ஜன்ட் அண்ணனின் கைகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "மகள், நீ சொல்லு. அப்பா விழுந்ததா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. நாளைக்கு இவன் மறுபடி ஓங்கினால் நடுவில் போய் விழவேண்டியவள் நான்தான். எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

"விழலைங்க. இவன்தான் அடிச்சான். நான் புடிக்கலைன்னா கொன்னுருப்பான்" என்றேன்.

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, நல்லாயிருந்த இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துப்போனது. "பொய் சொல்றாங்க! இவளுக்கும் அவனுக்கும் ஆகாது!" என்று கத்தினார்.

சார்ஜன்ட் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். படியில் விழுந்தது என்றே எழுதிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே ஆட்டோவில்தான் வந்தோம். அப்பா அண்ணனின் தோளில் சாய்ந்திருந்தார்.

"கிட்டாருக்கு இன்னொரு கோட்டுப் பெயிண்ட் குடுக்கணும்டா. கைபட்ட எடமெல்லாம் போயிருக்கும்."

"நானே குடுக்குறேம்பா" என்றான் அண்ணன்.

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரையும் கொன்றுபோடலாம் போலிருந்தது.