ஆறு மணிக்கு அம்மா எஸ்தரைக் கூப்பிட்டார்கள்

பிரியமானவர்களே, எனக்கு அப்போது நாற்பது வயது. அந்த வயதில் ஒருத்தி கூடப்பிறந்த அக்காவைப் பார்த்து வயிறெரிந்து அழுதாள் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வயிற்றெரிச்சலுக்கு நடுவில்தான் ஆண்டவர் எனக்குப் பதில் தந்தார். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

1963ஆம் வருஷம். திருச்சி பாலக்கரையில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். அக்கா எஸ்தர் கல்யாணமாகிப் பம்பாய் போய்விட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. அம்மாவுக்கு முதலில் அடுப்பில் வைத்தது மறந்தது. பிறகு நாள் கிழமை மறந்தது. பிறகு நானும் அம்மாவுக்கு மறந்துபோனேன். என்னைப் பார்த்து, "பால் கொண்டாந்தியா?" என்று கேட்பார்கள். எஸ்தரை மட்டும் மறக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் வந்து, புடவை கொடுத்துவிட்டு ரயிலேறுகிற எஸ்தரை!

"வயசானா மூளை தளர்ந்துரும்மா, இதுக்கு மருந்து கிடையாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆடிப்பெருக்கு கழிந்த வாரம், நான் டியூட்டியில் இருந்தபோது அம்மா வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஊரெல்லாம் தேடி, கடைசியில் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கண்டுபிடித்தேன். காவிரி கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது. குளிக்க வந்த ஒரு மாமி அம்மாவின் கையைப் பிடித்து மேல்படியில் உட்கார வைத்திருந்தார்.

"ஜலம் இப்படிப் போறது, இவா பாட்டுக்கு எஸ்தர் எஸ்தர்னுண்டே எறங்கறா. நீதானாம்மா எஸ்தர்?"

"இல்லைங்க மாமி, நான் லில்லி" என்றேன். அம்மா பிழைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய நேரம். எனக்கோ உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குமேல் அம்மாவைத் தனியே விட எனக்குத் தைரியம் இல்லை. புத்தூர் பக்கம் ஒரு மிஷன் நடத்திய முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். நினைவு தப்பியவர்களுக்கென்று அங்கே தனியாக ஒரு பின்கட்டு உண்டு. நல்ல இடம். வேளைக்கு வேளை கஞ்சி, தினம் குளியல், வெள்ளை வெளேரென்று துணி. எனக்கு மாலை டியூட்டி என்பதால் காலையில் போய்ப் பார்ப்பேன். மணப்பாறை முறுக்கை உரலில் இடித்து, பல் இல்லாத வாய்க்கு ஏற்றபடி மாவாக்கிக் கொண்டுபோவேன். அம்மா அதைப் பொட்டலத்தோடு தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, "எஸ்தருக்கு இருக்கட்டும்" என்பார்கள். இடித்தவள் நான், தின்ன வேண்டியவள் அவளா? பஸ்ஸில் திரும்பும்போது அழுகையாக வரும்.

ஒருநாள் காலை நானே குளிப்பாட்டினேன். அம்மாவின் இடுப்பைச் சுற்றிச் சிவந்த தடம். ஆயா அற்புதத்தைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலமானால் அம்மாவைப் பழைய புடவைக் கிழிசலால் கட்டில் காலோடு கட்டிப் போடுகிறார்களாம்.

இல்லத்தை நடத்திய மேட்ரன் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "ஆறு மணியானா கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடுறாங்கம்மா. கட்டாம விட்ட ஒருநாள் பஸ்ல அடிபட இருந்தாங்க. அந்த நேரத்துல ஒரு ஆயாதான், மத்தவங்க சமையல்ல இருப்பாங்க. கட்டாம என்னால பாத்துக்க முடியாது. மனசு கேக்கலேன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

வீட்டுக்குக் கூட்டிப்போனால் காவிரி. இங்கே விட்டால் கட்டு. வேலையை விட்டால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு கோவிலிலேயே முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அந்தக் கட்டை அவிழ்க்க வழி காட்டும்" என்று ஜெபித்தேன். ஆமென் சொல்ல வாய் வரவில்லை. மனசில் கிடந்ததையும் கொட்டிவிட்டேன். "ஒரே ஒரு தரம் அம்மா என் பேரைச் சொல்லட்டும். அக்கா பேரையே கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு." ஜெபத்தில் இப்படியும் பேசலாமா என்று கேட்காதீர்கள். நான் பேசினேன்.

அந்த வாரமே கூட வேலை பார்த்த ஒரு பெண் தனக்காக டியூட்டி மாற்றிக்கொள்ளும்படி கெஞ்சினாள். அதனால்தான் முதல் முறையாக ஒரு சாயங்காலம் இல்லத்துக்குப் போனேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து இடுப்பு முடிச்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். "எஸ்தரு! ஏய் எஸ்தரு! இருட்டப் போகுது, வாடி!"

"தெனமும் இதேதாங்கக்கா" என்றாள் அற்புதம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எஸ்தர் வரமாட்டா! அவ பம்பாயில இருக்கா! தெனமும் வர்றது நான்தாம்மா!" என்று கத்திவிட்டேன். அம்மா என்னை யாரோ போலப் பார்த்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தேன். ஓடினால் ஓடட்டும், பின்னாலேயே நானும் ஓடுகிறேன் என்று ஒரு வீம்பு. ஆனால் அம்மா கட்டிலைவிட்டு இறங்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அற்புதத்தின் பாய் தரையில் விரித்துக் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு, சின்ன வயதில் வீட்டில் செய்த மாதிரி வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தேன்.

கட்டிலில் சத்தம் அடங்கியது. அம்மா மெதுவாக இறங்கி வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். தன் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்கள். பிறகு அற்புதத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்கள்.

"நீ போயி எஸ்தரக் கூட்டிட்டு வா. தெருவுல பாண்டி ஆடிட்டிருப்பா. லில்லியக் கூப்பிட வேணாம். அவதான் முன்னாடியே பாயில வந்து உக்காந்துட்டாளே."

அம்மா என் பேரைச் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது பாலக்கரை வீட்டில் விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். பாயை விரித்துவிட்டு அம்மா வாசலுக்குப் போய் எஸ்தரைக் கூப்பிடுவார்கள். அவள் ஆட்டத்தை விட்டு லேசில் வரமாட்டாள். அக்காவைவிட நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவதற்காக நான் முந்திக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பேன். என்னைக் கூப்பிட வேண்டிய தேவையே அம்மாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இத்தனை மாதமும் அம்மா ஓடியது ஜெபத்துக்குப் பிள்ளையைக் கூப்பிட. நான் அது அக்காமேல் உள்ள ஏக்கம் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேட்ரன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் விளக்கேற்றும் நேரத்தில் அந்தப் பின்கட்டில் பாய் விரித்தார்கள். அற்புதம் ஜெபிப்பாள். அம்மா ஓடுவது நின்றது. கட்டிப்போட்டிருந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராக அவிழ்த்துப் பாயில் உட்கார வைத்தார்கள். ஸ்ரீரங்கத்து அம்மாள் ஒருவர் தன் பாட்டுக்கு ரங்கா ரங்கா என்று சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் தடுக்கவில்லை. அந்தப் புடவைக் கிழிசல்கள் தரை துடைக்கப் போயின.

கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் வந்தாள். பாயில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அம்மா அவளிடம், "நல்லா உக்காருங்க" என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலச் சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து, "எஸ்தரு! வாடி! லில்லி வந்து உக்காந்துட்டா!" என்று கூப்பிட்டார்கள். அக்கா முக்காட்டுக்குள் முகத்தை மூடி அழுதாள். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். அடுத்த கணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா உன்னை அடையாளம் வச்சிருக்காங்களே லில்லி" என்றாள். என்னைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வருஷம் கழித்து அம்மா அந்தப் பின்கட்டிலேயே, இடுப்பில் கட்டு இல்லாமல், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

பாடுபடுகிறவள் நான், பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி என்று வயிறெரிகிறவர்கள் உங்களில் இருந்தால், அதையும் அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அழகுபடுத்திச் சொல்ல வேண்டாம். என் முணுமுணுப்பைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார்.

அத்தான் இறந்த பிறகு எஸ்தர் பம்பாயை விட்டு என்னோடு வந்துவிட்டாள். இப்போதும் பக்கத்து வீட்டில் பேச உட்கார்ந்தால் எழுந்து வரமாட்டாள். ஆறு மணிக்குப் பாயை விரித்துவிட்டு, வாசலுக்குப் போய் நான்தான் கூப்பிடுகிறேன்.

"எஸ்தரு! இருட்டப் போகுது, வாடி!"