ஐந்து பெட்ரோமாக்ஸும் ஒரு லாந்தரும்

எழுநூறு. இந்த எண்ணை மறக்காதீர்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் காட்டில் ஒரு பெண் அந்துப்பூச்சி இடும் முட்டை ஏறக்குறைய அவ்வளவு. பொரிந்தால் கம்பளிப்பூச்சி. செடியைக் குச்சியாக்கிவிட்டுத்தான் போகும்.

1986 ஆடியில், மழை விட்ட மறுநாள், ஓமந்தூர்ப் பக்கம் கோதண்டபாணியின் குத்தகை நிலத்தில் அந்து கிளம்பியது. ஒரு ஏக்கர்தான். இந்த முறை பத்து மூட்டை தேறாவிட்டால் நிலம் வேறாளுக்கு என்று நிலக்காரர் பெரியதம்பி ஊரறியச் சொல்லியிருந்தார்.

கோதண்டபாணிக்குத் திண்டிவனத்தில் பெட்ரோமாக்ஸ் வாடகைக் கடை. எங்கள் விவசாயச் சங்கக் கூட்டங்களுக்கு அவர் விளக்குதான். மனிதர் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். மேடையில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே ஏறி பம்ப் அடிப்பார். 'மங்கல் லைட்டு' என்று எவனாவது கேலி செய்துவிட்டால் அன்றைக்குச் சாப்பிடமாட்டார்.

அந்து விளக்கைத் தேடி வரும். கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தொட்டி வைத்தால் விழுந்து சாகும். எல்லாரும் செய்வதுதான். கோதண்டபாணி தன் பாணியில் செய்தார். கடையிலிருந்த ஐந்து பெட்ரோமாக்ஸையும் நிலத்தின் நடுவில் கொளுத்தி, மத்தியில் தொட்டியை வைத்தார். பொழுது சாய்ந்தும் அங்கே பகல். சுற்றுப்பட்டுப் பூச்சியெல்லாம் வந்தது. ஆனால் தொட்டிக்கு வரவில்லை. வெளிச்சத்தின் ஓரத்தில், அவர் செடியிலேயே இறக்கையை மடக்கி உட்கார்ந்துவிட்டது. அவர் இன்னும் பம்ப் அடித்தார்.

காலையில் இலையைத் திருப்பினால் கொத்துக் கொத்தாக முட்டை.

வேளாண்மைத் துறை சவுரிராயன் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பூச்சியின் கண்ணில் ஒவ்வொரு உயிரணுவின் தோலிலும் மடை மாதிரி நுண்ணிய திறப்புகள் உண்டு. வெளிச்சம் பட்டால் மடை திறக்கும். மின்னேறிய உப்புத் துகள்கள், அதாவது அயனிகள், உள்ளே பாயும். மூளைக்குச் சேதி போவது அதனால்தான். இருட்டில் பறக்கிற பூச்சிக்குத் துளி வெளிச்சமே போதும், மடை திறந்துவிடும். வெளிச்சம் கொட்டினால் உள்ளே பாய்ந்த அயனிகளில் ஒன்றான கால்சியமே மடையை அடக்கும். கண் மந்தப்படும். பூச்சி விடிந்துவிட்டதென்று உட்கார்ந்துவிடும்.

"ஒரே ஒரு லாந்தர் போதுங்க. அதையும் நிலத்துக்கு வெளிய, வரப்புக்கு அந்தாண்ட வைங்க" என்றார்.

"லைட்டு வாடகைக்கு உடுறவன் காட்டுல லாந்தரா சார்? ஊரே சிரிக்கும்."

கோதண்டபாணியின் மனைவி வெள்ளையம்மாள் முட்டை இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "சிரிக்கிறவன் வந்து முட்டை பொறுக்குவானா?"

அன்று சாயங்காலம் விழுப்புரத்தில் மாப்பிள்ளை அழைப்பு. ஐந்து விளக்கும் முன்பே பேசியாயிற்று. போகாமல் இருக்க முடியாது. லாந்தரை மனைவியிடம் கொடுத்தார். கண்ணாடியையாவது சாம்பல் போட்டுப் பளிச்சென்று தேய்க்கச் சொன்னார். பஸ் ஏறும்வரை அதையே சொன்னார். வெள்ளையம்மாள் தேய்க்கவில்லை.

விழுப்புரத்தில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊர்வலத்துக்கு முன்னே ஓடினார், பின்னே ஓடினார். பந்தலுக்கு வந்ததும் கண்ணில் பட்டது: விளக்குக்குப் பக்கத்துக் கம்பத்தில் அந்துக்கள் ஒட்டிவைத்த மாதிரி அசையாமல் இருந்தன. பக்கத்தில் போனார். ஒரு விளக்கின் காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டார். உள்ளே எரியும் மேன்டில் வலை சிவந்து மங்கியது. சற்று நேரத்தில் ஒரு அந்து இறக்கையை நடுக்கியது. இன்னொன்று கிளம்பி, அந்த மங்கிய விளக்கின் கண்ணாடியிலேயே முட்டியது.

"இன்னாய்யா, மங்கல் லைட்ட கொண்ணாந்து பேஜாரு பண்ணிக்கினு கீற?" என்றார் மாப்பிள்ளையின் மாமன். பந்தி சிரித்தது.

"கொஞ்சம் இருங்க" என்றார் கோதண்டபாணி. பம்பில் கை வைக்கவில்லை. பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

முதல் பஸ்ஸில் திரும்பினார். வரப்புக்கு அந்தாண்ட, கரி பிடித்த லாந்தருக்குக் கீழே தொட்டியில் தண்ணீர் தெரியவில்லை. அவ்வளவு அந்து.

"கண்ணாடிய தேய்ச்சியா?"

"தேய்ச்சிருந்தா இன்னிக்கும் நான்தான் குனிஞ்சிக்கினு கெடக்கணும்."

அந்து ஓயும்வரை லாந்தர்தான் எரிந்தது. முதல் நாள் முட்டையில் கைக்குத் தப்பியது பொரிந்து, மேற்கு மூலையைத் தின்றுவிட்டது. அறுவடைக்குப் பெரியதம்பி களத்திலேயே நின்று மூட்டை கட்டுவதைப் பார்த்தார்.

பத்தரை.