ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம்

இதைக் கேட்டுவிட்டு, யாரோ கட்டிவிட்ட கதை என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். சித்தேரி மலைக்குப் போய்க் கலைச்செல்வியின் முன்னால் நின்று மட்டும் சிரித்துவிடாதீர்கள். அவளுக்கு நடந்ததை, நடந்தபடியே சொல்கிறேன்.

அவள் புருஷன் பூபதி ஒரு சொட்டுக்கூடக் குடித்தவனில்லை. சாமைக் காடும் நாலு ஆடும்தான் அவன் உலகம். எங்கிருந்தோ தொற்றிய காமாலைக் கிருமி அவன் ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிட்டது. நல்லவேளையாக, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்த ஈரல் ஆராய்ச்சியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். மருந்து இலவசம். சில நாள் வார்டில் வைத்திருந்து, பேசுவதற்கு ஒரு போனும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஈரல் கெட்டுப்போனால் ரத்தத்தில் உள்ள நஞ்சு வெளியேறாது. மூளைக்கு ஏறி ஆளை மயக்கிவிடும். அந்த மயக்கத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. அதற்கான சோதனையோ சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். தினமும் மாலை ஏழு மணிக்கு நர்ஸ் நிர்மலாதேவி போன் செய்வார். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பேர் வருமோ, அத்தனையும் சொல்ல வேண்டும். பத்துக்குக் குறைந்தால் உடனே வண்டி அனுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்.

கலைச்செல்விக்கு அது பரீட்சையாகப் பட்டது. மார்க் குறைந்தால் பேரை வெட்டிவிடுவார்கள், மருந்தும் நின்றுவிடும் என்று வார்டில் எவரோ கிளப்பிவிட்டதை அப்படியே நம்பினாள். பூபதி தடுமாற ஆரம்பித்த நாளிலிருந்து அவன் காதில் கிசுகிசுத்தாள். கரடி... முள்ளம்பன்றி... கீரி... அவன் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் புளுகு ஒன்பது நாள் ஓடியது.

பத்தாம் நாள், புதன்கிழமை. மத்தியானம் படுத்த பூபதி எழுந்திருக்கவே இல்லை. உலுக்கினாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். கண் திறக்கவில்லை. அவன் மூச்சில் ஆற்றுச் சேற்று வாசனை அடித்தது. மலை மேல் ஏது ஆறு?

மார்க் போனால் போகிறது, ஆள் பிழைத்தால் போதும் என்று அப்போதுதான் அவளுக்குப் புத்தி வந்தது. ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போன் போட்டாள். டவர் இல்லை.

சரியாக ஏழு மணி. அவர்களே கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, வண்டி கேட்க வாயைத் திறந்தாள்.

"கெண்டை."

குரல் கட்டிலிலிருந்து வந்தது.

"கெளுத்தி... வாளை... ஆரல்..."

கரகரத்த, வயதான குரல். பூபதியின் உதடு அசையவே இல்லை.

அவன் மலையில் பிறந்தவன். ஆற்று மீனில் இரண்டு பெயருக்கு மேல் அவனுக்குத் தெரியாது.

"சேல்... உளுவை..."

இந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள். சேலத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்த குப்புராஜ். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். இதே ஆராய்ச்சியில் இருந்தார். மிருகம் கேட்டால் மீனாகவே சொல்லுவார்.

"பதினேழு! சூப்பருங்க பூபதி" என்றார் நர்ஸ்.

"சிஸ்டர், பேசறது அவரில்லீங்க! அவரு வாயே தொறக்கலீங்க!"

"தெளிவாத்தானம்மா பேசறாரு. பயப்படாதீங்க."

"அய்யோ, இத்தன நாளும் நாந்தான் காதுல சொல்லிக் குடுத்தேன்! பேர வேணா வெட்டிடுங்க. வண்டி மட்டும் அனுப்புங்க சிஸ்டர்... உங்க கால்ல வுழறேன்!"

நர்ஸ் அங்கேயே யாரையோ கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

"பேர எதுக்கும்மா வெட்டறோம்? வண்டி இருக்கறதே இதுக்குத்தானே!"

ஒன்பதரைக்கு வண்டி வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். கலைச்செல்வி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை அவன் கண் திறந்தான்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றான்.

பத்து வருஷமாக 'ஏ கலை' என்று அதட்டியவன். மயக்கம் முழுசாகத் தெளிய நாளாகும் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். வார்டிலேயே சோதனை நடந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எல்லாம் மீன். டாக்டர்களுக்கு ஒரே சந்தோஷம். அவள் மட்டும் கட்டிலை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை குப்புராஜின் மனைவி பெரியம்மாள் வார்டுக்கு வந்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த போனைத் திருப்பி மேசை மேல் வைத்தாள்.

"பொதன்கெழம மத்தியானமே அவரு போய்ச் சேந்துட்டாருங்க. அன்னிக்கே போன ஆஃப் பண்ணிப் பொட்டியில வெச்சுட்டேன்."

நிர்மலாதேவி தன் போனை எடுத்து அதில் குப்புராஜின் எண்ணைப் பார்த்தார்.

"நேத்து சாயந்தரம்கூட இந்த நம்பர்ல பேசினாரேம்மா! கரடி, முள்ளம்பன்னி, கீரின்னு... தொண்ட கட்டியிருக்கு, அதான் குரல் மாறிடுச்சுன்னு நெனச்சேன். முடிக்கும்போது தெனமும் ஒண்ணு கேப்பாரு. 'வண்டி வந்துச்சான்னு கலைகிட்டக் கேளுங்க சிஸ்டர்'னு. கலைங்கறது உங்க மகளாக்கும்னு..."

"எங்க வூட்டுல அந்தப் பேர்ல ஆரும் இல்லீங்களே."

கலைச்செல்வி எழுந்து வந்தாள். நர்ஸின் கையிலிருந்த போனைப் பிடுங்கி அந்த எண்ணை அழுத்தினாள்.

மேசை மேல் இருந்த போன் இருண்டே கிடந்தது.

ஆனால் அவள் காதில் மணி போனது...

யாரோ எடுத்தார்கள்.

"கலை... வண்டி வந்துச்சா?"

அவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தவன் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான்.

"வந்துச்சு மாமா..." என்றாள். "நாந்தான் வேற ஆள ஏத்திக்கிட்டு வந்துட்டேன்."