ஆமென் எந்த இடத்தில்

தாளில் மூன்றே சொற்கள் இருந்தன. வீட்டில் போதனை இல்லை. சபை மூப்பர் தம்புசாமியின் சாய்ந்த கையெழுத்து, நீல மை. பதினான்கு வயது ஜெமிமா அதைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, "ம்மா, கோவப்படாதீங்க" என்றாள். அப்படிச் சொன்னால்தான் லூர்துமேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும் என்பது கிள்ளானில் அந்த அடுக்குமாடி வீட்டுச் சுவர்களுக்குக்கூடத் தெரியும்.

இன்னும் இரண்டு வாரத்தில் சபையில் திடப்படுத்தல் ஆராதனை. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து, சபை முன் நின்று, இந்த விசுவாசம் என்னுடையது என்று தங்கள் வாயாலேயே சொல்லும் நாள். மூப்பர் சரி என்று எழுதினால்தான் பட்டியலில் பெயர் வரும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

"என்னடி கேட்டாரு?"

"பரமண்டல ஜெபம் சொல்லுன்னாரு. இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன். தமிழ்லன்னாரு. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லி ஆமென்னு முடிச்சேன். 'மிச்சம் எங்க?'ன்னாரு. மிச்சம் என்னான்னே எனக்குத் தெரியலம்மா."

லூர்துமேரிக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஆர்.சி.க்காரர்கள் அந்த ஜெபத்தில் தீமையிலிருந்து காக்கும்படி கேட்டதும் அங்கேயே ஆமென் போட்டுவிடுவார்கள். கணவன் சுகுமாறனின் சபையில் ராஜ்யம், வல்லமை, மகிமை என்று இன்னொரு வரி உண்டு. அவர்கள் 'பிதாவே' என்று கூப்பிடுகிற இடத்தில் இவள் 'தந்தையே' என்பாள். இவ்வளவுதான் வித்தியாசம். சபையில் பிள்ளைகளுக்கு எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் ஒரு வரிகூட அவர்கள் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தராததைக் கேட்டுவிட்டு, பழியை மட்டும் அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

போதனை இல்லையாம்!

கேரி தீவுத் தோட்டத்தில் அவள் வளர்ந்த காலத்தில் பூசை வைக்கச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வீடேதான் கோயில். அந்தப் பழக்கத்தைத்தான் கல்யாணமாகி வந்தபோது கூடவே கொண்டுவந்தாள். சபை மாற வேண்டும் என்றார்கள், மாறினாள். பிள்ளைகளை எங்கள் முறையில் வளர்க்க வேண்டும் என்றார்கள், தலையாட்டினாள். எப்படி வளர்ப்பாய், உனக்கு என்ன தெரியும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஷா ஆலமில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, குளித்து, சோறு வடித்து, மாலை ஏழு மணிக்கு ஜெபம். ஜெபம் முடியாமல் தட்டில் சோறு விழாது. சுகுமாறன் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் பினாங்கு நெடுஞ்சாலையில் இருப்பான். உப்பு ஜாடியில் சாய்த்துவைத்த போனில் ஸ்பீக்கர் வழியாக அவனும் சேர்ந்துகொள்வான். ஜெபத்தின் நடுவில் ஹாரன் அலறும். "சிக்னல் போடாம திரும்புறான் பாரு, மாங்கா மடையன்!" என்று குரல் வரும். "ஆமென்" என்பாள் சின்னவள் கெசியா.

பிறரை மன்னிக்கும் வரி வருவதற்கு முன்னால் லூர்துமேரி நிறுத்துவாள். இன்றைக்கு யாரோடு சண்டை, தீர்ந்ததா? தீரவில்லை என்றால் அந்த வரியை யாரும் சொல்லக்கூடாது, வாயால் பொய் சொல்லக்கூடாது. அக்கா தன் புதுப் பென்சிலை உடைத்ததற்காக ஒருநாள் கெசியா முக்கால் மணி நேரம் மன்னிக்கவே இல்லை. ரசம் ஆறிப்போனது. லோரி ஈப்போவைத் தாண்டிவிட்டது. கடைசியில், "சரி, மன்னிச்சிட்டேன் லா, பசிக்குது" என்று அழுதாள். அதற்குப் பிறகுதான் ஜெபம் முன்னே நகர்ந்தது. இது போதனை இல்லை என்றால் வேறு எது போதனை?

அடுத்த சனிக்கிழமை சுகுமாறனுக்கு ஓய்வு நாள்.

"விடு லா மேரி. மூப்பர்கிட்டப் போயா சண்டை போடுவ?"

"நீ பேசாம வா."

கெசியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஜெமிமாவோடு மூவரும் ரயிலேறி, சபை இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் போனார்கள். கோயிலுக்குப் பின்னாலிருந்த வகுப்பறையில் மூப்பர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் தாளை மேசைமேல் விரித்தாள்.

"இத நீங்கதான் எழுதினீங்களா ஐயா?"

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ ஆர்.சி.லேர்ந்து வந்தவ..."

"வந்து பதினாறு வருஷமாச்சு. இன்னும் வந்தவதானா?"

மூப்பர் தொண்டையைச் செருமினார். "அதுக்கில்ல. வீட்டுக்குத் தகப்பன்தான் ஆசாரியன். பொறுப்பு அவனோடது. சுகுமாறா, நீ நம்ம சபையில பொறந்தவன். நீ சொல்லு, பிள்ளை கேட்டுக் கத்துக்கட்டும்."

சுகுமாறன் பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கைகட்டி நின்று கண்ணை மூடினான்.

"விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே..."

ஜெமிமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு பிசிறில்லாமல், மன்னிக்கும் வரிக்கு முன் லூர்துமேரி நிறுத்துகிற இடத்தில் தானும் மூச்சு விட்டு நின்று, சரியாக அவள் முடிக்கிற இடத்தில் முடித்து, "ஆமென்" என்று கண் திறந்தான்.

"மிச்சம்?" என்றார் மூப்பர்.

"அவ்ளோதானே ஐயா?"

ஜெமிமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. லூர்துமேரி சிரிக்கவில்லை.

"உங்க சபையில பொறந்தவரு. லோரி ஓட்டிக்கிட்டு போன்ல கேட்டே இவருக்கு இவ்வளவு பதிஞ்சிருக்கு. கூடவே உக்காந்து கேட்ட பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலன்னு எழுதிட்டீங்க. அவள அர்த்தம் கேட்டீங்களா? யாரையாவது மன்னிச்சியான்னு கேட்டீங்களா? ஒரு வரி கொறஞ்சதுக்கு என் வீட்டையே இல்லன்னு எழுதுறதா? அந்த வரிய இன்னிக்கே அவ கத்துக்குவா. நீங்க எழுதினத நான் எங்க போய் அழிக்கிறது?"

மூப்பர் பேனாவை எடுத்தார். மூன்று சொற்களையும் அடித்தார். மேசைமேலிருந்த திடப்படுத்தல் பட்டியலின் கடைசியில் ஜெமிமாவின் பெயரை எழுதினார். தாளை மடித்து உறையில் போட்டு, "சரிம்மா, போயிட்டு வாங்க" என்று மறுபடி நாற்காலி அடுக்கத் திரும்பினார்.

சுகுமாறன் வாசல்வரை போய்விட்டான். லூர்துமேரி அசையவில்லை.

"ஐயா, ஒண்ணு சொல்ல மறந்துட்டீங்க."

"என்னம்மா?"

"மன்னிப்புக் கேக்கறதையும் நானே சொல்லிக்கொடுக்கணுமா?"